பழைய பீட்டில் எஞ்சினைக் கழுவி, இலகு விமானத்துக்குத் தயார்செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே 'எஞ்சின்' என்று வரும் இடங்களில் எல்லாம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 1600 சி.சி. காற்றுக்குளிர்ச்சி எஞ்சினைத்தான் சொல்கிறேன். வீட்டிலேயே சிறு விமானம் கட்டுபவர்கள் அதிகம் தேடிப்போகும் பழைய எஞ்சின் அதுதான். விமானத்துக்கென்றே செய்த பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

இத்தனை எஞ்சின் இருக்க, ஏன் இது?

2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார், 2003 வரை உற்பத்தியில் இருந்தது. உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. அதைவிட முக்கியம் அதன் உடலமைப்பு. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கின்றன. தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. கியர் வைக்காமல் புரொப்பெல்லரை நேரே கிராங்கிலேயே (பிஸ்டன்கள் சுழற்றும் நடுத்தண்டு) மாட்டலாம். ஜோடெல் டி9, டுருயின் டர்புலன்ட் போன்ற ஒற்றை இருக்கை விமானங்கள் பல பத்தாண்டுகளாக இந்த எஞ்சினில் பறந்திருக்கின்றன.

காரில் நன்றாக ஓடியது என்றால் விமானத்திலும் ஓடாதா?

ஓடும். ஆனால் வேலை வேறு. சமதளச் சாலையில் கார் தன் சக்தியில் ஒரு பங்கைத்தான் கேட்கும். மேடு வந்தால் கொஞ்ச நேரம் திணறும், அப்புறம் இளைப்பாறும். விமானத்தில் கிளம்பும்போது முழு மூச்சு, மேலே போன பிறகும் முக்கால் மூச்சுக்குக் குறையாமல் மணிக்கணக்காக. இளைப்பாறல் என்பதே இறங்கும்போதுதான்.

காரில் இல்லாத இரண்டு சுமைகள் வேறு சேர்கின்றன. ஒன்று, புரொப்பெல்லர் முழு விமானத்தையும் கிராங்கைப் பிடித்து இழுக்கிறது. இன்னொன்று, விமானத்தின் மூக்கு திரும்பும்போது சுழலும் புரொப்பெல்லர் திரும்ப மறுக்கிறது. அந்த மறுப்பு கிராங்கின் முனையை ஒவ்வொரு சுற்றுக்கும் வளைத்துப் பார்க்கிறது. எனவே காரில் 'பரவாயில்லை' என்று விட்ட குறை எதையும் இங்கே விட முடியாது. கழுவுவதே அந்தக் குறைகளைக் கண்ணால் பார்ப்பதற்காகத்தான், பளபளப்புக்காக இல்லை.

வாங்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

ஒரு டார்ச் விளக்கு போதும். முதலில் கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். நல்ல எஞ்சினில் அசைவு கைக்குத் தெரியவே தெரியாது. இருக்க வேண்டிய இடைவெளி 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர்தான். 'டக்… டக்…' என்று காதில் விழுந்தால், கிராங்க் தாங்கியும் (பேரிங்) அது உட்காரும் கேஸின், அதாவது எஞ்சின் கூட்டின், படுக்கையும் அடிவாங்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அங்கேயும் ஆட்டம் தெரியக் கூடாது.

அப்புறம் கேஸைச் சுற்றிலும், குறிப்பாக மூன்றாவது சிலிண்டரின் பின்புறம் ஃப்ளைவீல் பக்கமாக (புல்லிக்கு எதிர் முனை), எண்ணெய் கசிந்த கோடு இருக்கிறதா பாருங்கள். அங்கே விரிசல் விடுவது இந்தக் கேஸின் பழைய வியாதி. வெல்டு வைத்த தடம் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கொண்டுவந்ததும் முதல் வேலை கழுவுவதுதானே?

இல்லை. முதல் வேலை அழுக்கைப் படிப்பது. பலரும் தவறவிடும் கட்டம் இதுதான்.

எண்ணெயை ஒரு சுத்தமான தட்டில் மெதுவாக வடியுங்கள். அடியிலுள்ள சல்லடையை ஆறு நட்டுக் கழற்றி எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது. அகப்பட்டதெல்லாம் அந்தச் சல்லடையில்தான் இருக்கும். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் என்றால் கேமோ டேப்பட்டோ (வால்வைத் திறக்க வைக்கும் பாகங்கள்) உரிந்திருக்கிறது. ஒட்டாத வெள்ளிநிறப் பொடி பேரிங்கிலிருந்தோ பிஸ்டனிலிருந்தோ வந்தது. செம்பு நிறம் மின்னினால் பேரிங் மேல்பூச்சு தாண்டி அடிவரை தேய்ந்துவிட்டது. தயிர் போல வெளுத்த கசடு என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது, உள்ளே துரு எதிர்பாருங்கள்.

பிளக்குகள் நான்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டர் என்று எண் போட்டு வரிசையாக வையுங்கள். கூலிங் துடுப்புகளுக்கு நடுவே பழைய இலையும் எலிக்கூடும் கெட்டியாக அடைத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் ஹெட் (மேல்மூடி) வெந்திருக்கும். இதையெல்லாம் போட்டோ எடுத்த பிறகு தண்ணீரைத் தொடுங்கள். முதலிலேயே கழுவிவிட்டால் எஞ்சின் சொல்ல வந்ததைச் சாக்கடையில் ஊற்றியது போலத்தான்.

எஞ்சின் ஜாம் ஆகியிருக்கிறது. நெம்புகோல் போட்டுத் திருப்பலாமா?

வேண்டாம். பிளக் துளை வழியாக ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் பாதிப் பாதி கலந்த கலவையும் நன்றாக வேலை செய்யும்; தீப்பிடிக்கும் சாமான், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். தினமும் இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டரோடு சேர்த்துப் பிஸ்டனை எடுப்பதுதான் வழி. பலம் போட்டால் வளைவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட். வளைந்த ராட் வெளியே தெரியாது, அது பிரச்சினை.

எதை எதில் கழுவுவது?

இந்த எஞ்சின் ஒரே உலோகம் இல்லை. கேஸ் மக்னீசியம் கலப்பு, ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு, கிராங்க் எஃகு. ஒருவருக்கு மருந்து, அடுத்தவருக்கு விஷம்.

காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும். ரீபோர் பட்டறைகளில் இரும்பு பிளாக்குகளை முக்கும் கொதிதொட்டியில் ஹெட்டைப் போட்டால் கறுத்து, பொரிந்து வெளியே வரும். மக்னீசியத்துக்கு எதிரி அமிலம். துரு நீக்கும் திரவங்களில் பெரும்பாலானவை அமிலம்தான், கேஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நான் செய்வது இப்படி: மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, கெட்டிக் கசடை மரக்குச்சியால் சுரண்டி எடுப்பது முதல் சுற்று. கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் இரண்டாவது சுற்று. உடனே கம்ப்ரெசர் காற்றால் ஊதிக் காயவைத்து, அதே சூட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. மக்னீசியத்தை ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். எஃகுக் கம்பி பிரஷ் கேஸுக்கு வேண்டாம். அது விட்டுவிட்டுப் போகும் இரும்புத் துணுக்குகள் பிறகு அரிப்பைக் கிளப்பும்.

கேஸைத் துளைத்தாலோ அராவினாலோ வரும் தூள் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எரியும் மக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பெருகும். உலர்ந்த மணல் வாளி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கேஸுக்குள் போகும் எண்ணெய் வழிகளை எப்படிச் சுத்தம் செய்வது?

காற்று ஊதினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். போதாது. தொழிற்சாலையில் துளை போட்டு, வாயை அலுமினிய அடைப்பு அடித்து மூடியிருக்கிறார்கள். அந்த அடைப்புக்குப் பின்னால் ஒரு முட்டுச் சந்து இருக்கும். நாற்பது வருடக் கசடு அங்கேதான் குடியிருக்கிறது. காற்று அதன் முன்னால் வளைந்து போய்விடும். புது எண்ணெயும் முழுச் சூடும் பட்டால் கசடு இளகிக் கிளம்பி நேரே பேரிங்குக்குப் போகும்.

அடைப்புகளைத் துளைத்துப் பிடுங்குங்கள். துளையில் மரை வெட்டி, திருகும் அடைப்பு போடுங்கள். துப்பாக்கிக் குழாய் துடைக்கும் நீளமான பிரஷ் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். புது அடைப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கொஞ்சம் அதிகம் திருகினால் குறுக்கே போகும் இன்னொரு வழியை அடைத்துவிடும். மரை வெட்டியதில் விழுந்த துணுக்குகளுக்காக எல்லாவற்றையும் மறுபடி கழுவ வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். கிராங்குக்குள் போகும் துளைகளையும் அதே போல.

காற்றோடு மணலையோ பொடிக் கண்ணாடி மணிகளையோ பீய்ச்சி அடித்துப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார்களே?

கேஸுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு முறை நான் ஒப்புக்கொண்டேன். பட்டறையிலிருந்து வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. நான்கு முறை கழுவினேன். ஐந்தாவது முறை, ஒரு ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) துளையில் குச்சியில் பஞ்சு சுற்றி விட்டு எடுத்தேன். பஞ்சை விரல்களுக்கு நடுவே உருட்டியபோது நறநறவென்றது. அந்தக் கேஸ் இன்றைக்கும் அலமாரியில் அழகாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் உபயோகம்.

ஒட்டிய பேக்கிங்கைச் சுரண்ட டிரில்லில் மாட்டும் உராய்வுத் தட்டும் வேண்டாம். அது உதிர்க்கும் பொடி பேரிங்கை அரைத்துவிடும்.

பிஸ்டனிலும் ஹெட்டிலும் ஒட்டிய கரி?

ஊறவைத்து, மரம் அல்லது பிளாஸ்டிக் துண்டால் எடுக்கலாம். பிஸ்டனைச் சுற்றி ரிங்கு உட்காரும் பள்ளத்துக்குப் பழைய ரிங்கை உடைத்து அதன் முனையையே உளியாகப் பயன்படுத்துங்கள். பக்கச் சுவரைக் கீறக்கூடாது. ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய எஞ்சின் என்றால் அந்தச் சாம்பலில் ஈயம் இருக்கும். முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, ஈரமாக வைத்தே சுரண்டுங்கள்.

எல்லாம் சுத்தமாகிவிட்டது. இனி எதைத் தேடுவது?

விரிசலை. கேஸ், ஹெட், பிஸ்டன் மூன்றும் காந்தம் பிடிக்காத உலோகம் என்பதால் சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனை. சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்தால் விரிசலுக்குள் இருந்த சிவப்பு மயிரிழைக் கோடாக மேலே வரும். ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும், சீட்டிலிருந்து பிளக் துளைக்கும் இடையிலும் கவனமாகப் பாருங்கள்.

கிராங்கையும் ராடுகளையும் கேமையும் காந்தத்தூள் சோதனைக்கு அனுப்புங்கள். இதை வீட்டில் செய்ய வழியில்லை, செலவைப் பார்த்துத் தவிர்க்கவும் கூடாது. சோதனை முடிந்ததும் காந்தத்தை நீக்கித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிராங்கே இரும்புத்தூளைச் சேர்த்துவைக்கும். அனுப்புவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டு லேசாகத் தட்டுங்கள். மணி போல இழுத்து ஒலித்தால் நல்ல அறிகுறி. உடைந்த பானை மாதிரி 'தொப்' என்றால் செலவு மிச்சம்.

கிராங்கை ரீகிரைண்ட் செய்திருந்தால் (மறுபடி சாணை பிடித்திருந்தால்) ஜர்னலும், அதாவது பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதியும், பக்கச் சுவரும் சேரும் மூலை வளைவாக இருக்கிறதா, கத்தி வெட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்க் உடைவது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான். கூர்மையாக இருந்தால் அந்தக் கிராங்க் காருக்குக்கூட எனக்கு வேண்டாம்.

புரொப்பெல்லரை எந்த முனையில் மாட்டுவது?

வாதம் ஓயாத கேள்வி. புல்லி முனையில் மாட்டினால் எஞ்சின் பொருத்துவது சுலபம், ஆனால் அந்த முனைத் தாங்கியின் விட்டம் 40 மில்லிமீட்டர்தான். மற்ற மூன்றும் 55. ஃப்ளைவீல் முனை பருமனானது, இழுவையைத் தாங்கும் பேரிங்கும் அங்கேதான் இருக்கிறது. புல்லி முனைக்குப் பெரிய தாங்கியோடு வரும் மாற்று ஹப்புகள் (புரொப்பெல்லரைப் பிடிக்கும் பாகம்) இருக்கின்றன. காரின் சாதாரண கிராங்கில் புல்லி போல்ட்டை மட்டும் நம்பிப் புரொப்பெல்லரை மாட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

சிலிண்டரைப் பழையதே வைக்கலாமா?

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். புது ரிங்குக்கு 0.30 முதல் 0.45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 0.90-ஐத் தாண்டினால் ஆயுள் முடிந்தது. வைத்துக்கொள்வது என்றால் ஹோன் செய்து (உள்சுவரைக் கல்லால் தேய்த்து), சுமார் 45 பாகையில் குறுக்குக் கோடுகள் போடவேண்டும்.

ஹோன் செய்த சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவினால் எண்ணெய் போகும், கல்பொடி கோடுகளுக்குள் தங்கிவிடும். சோப்புத் தண்ணீர்தான் அதைத் தூக்கும். தேய்த்து அலசிக் காய்ந்ததும், எஞ்சின் எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் உள்ளே துடையுங்கள். முதல் தடவை துணி சாம்பல் நிறமாக வரும். கண்ணுக்குச் சிலிண்டர் சுத்தமாகத்தான் தெரியும், துணி ஒத்துக்கொள்ளாது. மறுபடி சோப்பு. ஐந்தாறு தடவைக்குப் பிறகு எண்ணெய் மஞ்சள் மட்டும் வரும். அதுவரை நிறுத்தாதீர்கள்.

கழுவினாலும் திரும்பப் போடக்கூடாதவை?

எக்ஸாஸ்ட் வால்வு, முதலாவதாக. இந்த எஞ்சினில் வால்வின் தலை அறுந்து சிலிண்டருக்குள் விழுவது தெரிந்த கதை. காரில் எண்ணெய்க் கூலர் காற்றை மறைத்ததால் மூன்றாம் சிலிண்டரில் அதிகம். வெளித் தோற்றம் எப்படி இருந்தாலும் புதிது போடுங்கள். அப்புறம் கனெக்டிங் ராட் போல்ட்டும் நட்டும், பேரிங்குகள், வால்வு ஸ்பிரிங்குகள், ரப்பர் எல்லாம், பெட்ரோல் குழாய் முழுக்க, ஒரு தடவை கழற்றிய லாக் நட்டுகள். டேப்பட்டின் முகத்தில் ஊசிமுனைக் குழி ஒன்று தெரிந்தாலும் அதுவும் கேமும் சேர்ந்தே போகவேண்டும்.

சேர்க்கும்போது அதிகம் நடக்கும் தவறு எது?

சிலிக்கோன் பசை. கேஸின் இரு பாதிக்கும் நடுவே தாராளமாகப் பிதுக்கினால் வெளியே வழிவதைத் துடைப்போம், உள்ளே வழிந்தது புழு போலத் தொங்கும். ஒருநாள் அது அறுந்து எண்ணெய் உறிஞ்சும் வாயில் போய் உட்காரும். உலராத மெல்லிய சீலரை மெழுகு பூசுவது போலத் தடவினால் போதும்.

இரண்டாவது, அதிகமாக முறுக்குவது. 10 மில்லிமீட்டர் ஹெட் ஸ்டட்டுக்கு 32 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டருக்கு 25. கைக்குப் போதாதது போலத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினால் மக்னீசியத்திலிருந்து மரையே உரிந்து ஸ்டட்டோடு வந்துவிடும். எஃகு மரைக்கூடு முன்பே போட்டு வைப்பது நல்லது.

மூன்றாவது, பேரிங் அதைப் பிடித்து நிறுத்தும் சிறு ஊசியில் சரியாக உட்காராமல் கேஸை மூடுவது. மூடிய பிறகு ஒவ்வொரு நட்டு முறுக்கியதும் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். எந்த நட்டில் இறுகியதோ, அந்த இடத்தில் நிறுத்தித் திறந்து பாருங்கள்.

கம்ப்ரெஷனை ஏற்றி இன்னும் சக்தி எடுக்கலாமா?

வேண்டாம். காரில் இது 4000 சுற்றில் 50 குதிரைசக்தி. புரொப்பெல்லரோடு 3200 சுற்றுப் பக்கம்தான் ஓடும், அதற்கேற்பக் கொஞ்சம் குறையும். 54 அங்குலப் புரொப்பெல்லரின் நுனி அந்தச் சுற்றிலேயே விநாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போகிறது; ஒலியின் வேகம் 340. சுற்றைக் கூட்டினால் சத்தம்தான் கூடும். சூட்டைக் குறைப்பதில் செலவிடும் நேரம் அதிக லாபம் தரும்.

இக்னிஷன், கார்ப்பரேட்டர்?

இரண்டு தனித்தனி இக்னிஷன், முடிந்தால் சிலிண்டருக்கு இரண்டு பிளக். கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்று கொடுக்கும் வழி கட்டாயம். வெளியே 20 பாகை இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் கார்ப்பரேட்டர் தொண்டையில் பனி கட்டும்; எஞ்சின் மெல்ல மூச்சடைக்கும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்வது எப்படி?

விமானத்தின் வாலைக் கட்டுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்காமல் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டியில் முள் எழும்வரை சுற்றுங்கள். அதன் பிறகே பிளக் மாட்டி ஸ்டார்ட். புது கேம் போட்டிருந்தால் மெதுவாக ஓடவிடக் கூடாது. டேப்பட்டுக்கு எண்ணெய் தெறித்தே போகிறது, மெதுவாக ஓடினால் தெறிக்காது. 2000 சுற்றுப் பக்கம் 20 நிமிடம், துத்தநாகச் சேர்க்கை உள்ள சாதாரண மினரல் எண்ணெயில். தரையில் நிற்கும்போது காற்றுக் குறைவு என்பதால் ஹெட் சூட்டை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ஏறினால் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடிந்ததும் எண்ணெயைச் சூட்டோடு வடித்து, மறுபடி சல்லடையைப் பாருங்கள். கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும். செதில் இருக்கக் கூடாது.

பறக்கத் தயார் என்று எப்போது சொல்வது?

கசிவுச் சோதனை ஒரு நல்ல சாட்சி. எஞ்சின் சூடாக இருக்கும்போது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, 80 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. 60-க்குக் கீழே போனால் காதை வையுங்கள்: எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கு. காற்று கொடுக்கும்போது புரொப்பெல்லர் திடீரென்று சுற்றும். பழகியவர் ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும்.

என் அளவுகோல்: தரையில் மொத்தம் ஐந்து மணி நேரம், அதில் முழு திராட்டிலில் பல சுற்று, எண்ணெய் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டரிலேயே நிற்கிறது. இடைவெளி ஒரு வால்வில் மட்டும் குறைந்துகொண்டே போனால் அந்த வால்வு நீள்கிறது, அல்லது சீட் இறங்குகிறது. எஞ்சின் இனிமையாகப் பாடினாலும் அன்றைக்குப் பறக்க வேண்டாம். உங்கள் நாட்டு விமானத்துறை கேட்கும் பரிசோதனையும் பதிவேடும் இதற்கு மேல்.

என்னிடம் இருப்பது விமானத்துக்கென்றே செய்த பழைய எஞ்சின். இதே முறைதானா?

கழுவும் முறை ஏறக்குறைய இதுதான். அதிகாரம் உங்களுடையது அல்ல. லைகமிங், கான்டினென்டல் எஞ்சின்கள் தயாரிப்பாளரின் கையேட்டின்படியும் உரிமம் பெற்றவரின் கையெழுத்தோடும்தான் திறந்து மூடப்பட வேண்டும். 'ஓடிய மணி குறைவு' என்ற வார்த்தையில் மயங்காதீர்கள்: லைகமிங் மணிக்கணக்கோடு 12 வருடம் என்ற காலக்கெடுவும் வைத்திருக்கிறது, ஏனென்றால் சும்மா கிடந்தால் கேம் துருப்பிடிக்கும். புரொப்பெல்லர் தரையில் இடித்த வரலாறு இருந்தால் பிரித்துப் பார்த்த பதிவைக் கேளுங்கள். சில எக்ஸாஸ்ட் வால்வுகளின் தண்டுக்குள் சோடியம் இருக்கும். பழைய வால்வை அறுத்து உளி செய்யும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், சோடியம் ஈரம் பட்டால் எரியும்.

எஞ்சின் தயார், விமானம் இன்னும் தயாராகவில்லை. என்ன செய்வது?

சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்து, பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டி, கார்ப்பரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் கட்டி மூடுங்கள். வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைப்பது நல்லது என்று யாராவது சொல்வார்கள். சுற்றாதீர்கள், சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெயை ரிங்கு வழித்து எடுத்துவிடும். புரொப்பெல்லரில் ஒரு அட்டை கட்டி, 'சுற்றாதே, உள்ளே பாதுகாப்பு எண்ணெய்' என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். பார்க்க வருபவர்களின் கை முதலில் போவது அங்கேதான்.